அம்மாவின் மெழுகுக் கட்டி

ஜனவரி 9

பிரஷர் மாத்திரை போட்டேன். காலையில் ஒன்று, சாப்பிட்ட பிறகு ஒன்று.

டாக்டரம்மா தினமும் இதை எழுதி வைக்கச் சொன்னாள். மருமகள் நூறு பக்க நோட்டு வாங்கித் தந்தாள். மாத்திரை எழுத நூறு பக்கம் எதற்கு? நான் நாலாங்கிளாஸோடு நின்றவள். மிச்ச இடத்தில் எனக்குத் தோன்றுவதை எழுதிக்கொள்வேன். யார் கேட்கப்போகிறார்கள்.

இன்று மருமகளின் மேசை டிராயர் சிக்கிக்கொண்டது. ஈரத்தில் மரம் உப்பிவிட்டது. அவள் காலால் உதைத்துக்கொண்டிருந்தாள். என் தையல் டப்பாவிலிருந்து தேன்மெழுகை எடுத்துப் போய் இரண்டு பக்க விளிம்பிலும் நாலு தேய் தேய்த்தேன். பிறகு சுண்டுவிரலால் இழுத்தேன், வந்தது.

“அத்தை, உங்க மெழுகு இல்லேன்னா இந்த வீட்ல ஒண்ணும் திறக்காது போல” என்று சிரித்தாள்.

இதே வாய்தான், கல்யாணமாகி வந்த மூணாம் மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை, என் அம்மாவின் மெழுகுக் கட்டியைப் பார்த்து, “இந்த அழுக்கை எதுக்கு வெச்சிருக்கீங்க, தூக்கிப் போடுங்க” என்றது. பதினாறு வருஷம் ஆச்சு. அவள் மறந்திருப்பாள். நான் மறக்கவில்லை.

ஜனவரி 10

மாத்திரை போட்டேன். முழங்கால் வலி.

ஜனவரி 12

மாத்திரை போட்டேன்.

மகனின் ஆபீஸ் பையில் தோள்வார் அறுந்துவிட்டது. தைத்துக் கொடுத்தேன். நூலை மெழுகில் மூணு தரம் இழுத்துவிட்டுத்தான் கோர்ப்பேன். மெழுகு போட்ட நூல் சிக்காது, நுனி பிரியாது, ஊசி போன ஓட்டையை அதுவே அடைத்துக்கொள்ளும். தண்ணீர் இறங்காது. தார்ப்பாய்ப் பட்டறையில் இருபத்தாறு வருஷம் தைத்தேன். நான் தைத்த தார்ப்பாய் ஒழுகியது என்று ஒருத்தன் வந்து நின்றதில்லை.

அங்கே என் பக்கத்து மெஷினில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவளைப் பற்றி எழுத வேண்டாம்.

அம்மாவின் கட்டியை எடுத்துப் பார்த்தேன். குளிருக்கு வெள்ளை பூத்திருக்கிறது. பூஞ்சை இல்லை. நல்ல தேன்மெழுகு என்றால் குளிரில் அப்படிப் பூக்கும், கைச்சூடு பட்டால் போய்விடும். சின்னக் கிண்ணத்தில் ஊற்றி ஆறவைத்த கட்டி. ஓரத்தில் மட்டும் அம்மா நூல் இழுத்த கோடுகள். நான் அதில் நூல் இழுப்பதில்லை. வேலைக்கு வேறு மெழுகு வைத்திருக்கிறேன். அம்மாவுடையது என் துணிப்பெட்டியில் மேல் தட்டில் இருக்கும். கையில் எடுத்தால் கல் மாதிரி கனம். பழைய மெழுகு அப்படித்தான்.

ஜனவரி 14

அவள் மகள் வந்தாள்.

என் தங்கச்சி மகள். இதுவரை நான் நேரில் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலை. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். நானும் உள்ளே வா என்று சொல்லவில்லை.

“பெரியம்மா, அம்மாவுக்கு உடம்புக்கு முடியல. கட்டி. மருந்து ஏத்துறாங்க.”

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“உதடு, உள்ளங்கையெல்லாம் வெடிச்சுப் போச்சு. சாப்பிட வாயத் திறந்தா ரத்தம் வருது. என்னென்னவோ களிம்பு போட்டுப் பார்த்தோம். எங்க பாட்டி ஏதோ மெழுகுல காய்ச்சுவாங்களாமே… அது உங்களுக்குத்தான் தெரியும்னு அம்மா சொன்னாங்க.”

“உங்கம்மா அனுப்பினாளா?”

“இல்ல. நானா வந்தேன்.”

“கடையில டப்பா டப்பாவா விக்கிது. வாங்கிக்க.”

போய்விட்டாள். போகும்போது “சரி பெரியம்மா” என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாத்திரை போட்டேனா? போட்டேன்.

ஜனவரி 15

நேற்று முழுக்க அதே நினைப்பு. எழுதிவிட்டால் போகுமோ என்னவோ.

முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. அம்மா திடீரென்று விழுந்தாள். வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. ஒன்பது நாள் கிடந்தாள். அந்த ஒன்பது நாளும் நான்தான் பார்த்தேன். தங்கச்சியும் பார்த்தாள், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அவளுக்கு மனசெல்லாம் பூட்டுக்கடையில் இருந்தது. பூட்டுக்காரரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்ற நேரம் அது.

ஏழாம் நாள் அம்மா இடது கையால் இந்த மெழுகுக் கட்டியை எடுத்து என் கையில் திணித்தாள். அது எப்போதும் தலைமாட்டில் தையல் கூடையில் இருக்கும். திணித்துவிட்டு, வாசற்படியில் நின்றுகொண்டிருந்த அவளைக் காட்டினாள். மறுபடி என் கையை அழுத்தினாள். மறுபடி அவளைக் காட்டினாள். கண்ணில் தண்ணீர். அவளைப் பார்க்கவே அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்று எனக்குப் புரிந்தது. “நீ கொஞ்சம் வெளிய போயேன்டி” என்றேன். போனாள்.

அம்மா செத்த பிறகு அவள் பெட்டியைத் திறந்தோம். பூட்டு உடையவில்லை, கீறல்கூட இல்லை. உள்ளே அம்மாவின் சங்கிலி மட்டும் இல்லை. அண்ணன் குடிகாரன், அந்தப் பெட்டியை இரண்டு தரம் உடைத்தவன். ஆனால் அவன் அந்த இரண்டு மாசம் ஊரிலேயே இல்லை. சாவி அம்மா இடுப்பில்தான் இருந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பல்லுக்குப் பல்லு இடையில் மஞ்சளாக மெழுகு.

மெழுகில் சாவியை அமுக்கி அச்சு எடுத்தால் அதே மாதிரி சாவி செய்துவிடலாம் என்று எல்லாருக்கும் தெரியும். பூட்டுக்காரனைக் கட்டப்போகிறவள் வீட்டில் இருக்கிறாள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

பச்சைச் சேலை கட்டியிருந்தாள். “அக்கா, அம்மா மேல சத்தியமா நான் எடுக்கல” என்றாள். “அந்தச் சங்கிலியை வித்துத்தானே உன் ஆளு கடையப் பெருசாக்கப் போறான்” என்றேன். அதோடு விடவில்லை. தெருவெல்லாம் போய்ச் சொன்னேன். அவள் கல்யாணத்துக்குப் போகவில்லை.

எழுதியாச்சு. போகவில்லை.

ஜனவரி 19

மாத்திரை போட்டேன்.

கடையில் மெழுகு வாங்கிவரச் சொன்னேன். எனக்குத்தான், குதிகால் வெடிப்புக்கு.

ஒரு துண்டு மென்று பார்த்தேன். நல்ல தேன்மெழுகு மென்றால் பொடிப்பொடியாய் வரும், பல்லில் ஒட்டாது, லேசாகத் தேன் வாசம் அடிக்கும். இது சவ்வு மாதிரி ஒட்டியது. மெழுகுவத்தி மெழுகைக் கலந்திருக்கிறான் பாவி. இருந்தாலும் காய்ச்சினேன். பெரிய பாத்திரத்தில் வெந்நீர், அதற்குள் சின்னக் கிண்ணம், அதில் மெழுகு ஒரு பங்கு, எண்ணெய் நாலு பங்கு. மெழுகை நேரே அடுப்பில் வைக்கக் கூடாது, குப்பென்று பிடித்துக்கொள்ளும். உருகினதும் ஒரு சொட்டை எடுத்துக் குளிர்ந்த கரண்டியில் விட்டுப் பார்க்க வேண்டும். விரலால் தொட்டால் குழைய வேண்டும், ஓடக் கூடாது.

நிறைய ஆகிவிட்டது. ஒரு டப்பாவை மருமகளிடம் கொடுத்து அங்கே கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னேன்.

“நீங்க காய்ச்சினதுன்னு சொல்லவா?”

“கடையில வாங்கினதுன்னு சொல்லு.”

“எதுக்கு அத்தை இந்த—”

“சொன்னதைச் செய்.”

ஜனவரி 23

டப்பா திரும்பி வந்துவிட்டது. போட்டதும் எரிகிறதாம். மண்ணெண்ணெய் நாற்றம் அடிக்கிறதாம்.

மருமகள் சொல்லத் தயங்கினாள். பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டேன்.

“அவங்க அதைப் போட்டுப் பார்த்துட்டு, ‘இது கடையில வாங்குனதில்ல, அக்கா காய்ச்சுனது’ன்னாங்க. ‘ஆனா மெழுகு நல்லதில்ல. எங்கம்மாவோட மெழுகு அவகிட்டதான் இருக்கு. அதை எனக்காகத் தொடுவாளா அவ?’ அப்படின்னாங்க அத்தை.”

பார்த்தாயா. படுக்கையில் கிடந்தும் அந்த நாக்கு மாறவில்லை.

அம்மா கட்டியை நான் தொட மாட்டேன். அது எனக்குக் கொடுத்தது. என் கையில் கொடுத்தது.

ஜனவரி 24

மாத்திரை போட்டேன்.

உதட்டில் ரத்தம் என்றால் எவ்வளவு? எங்கே வெடித்திருக்கும், ஓரத்திலா நடுவிலா? சின்ன வயசிலேயே அவளுக்குக் குளிர் வந்தால் உதடு வெடிக்கும். அம்மா தடவிவிடுவாள், இவள் உடனே நக்கிவிடுவாள். நான் தலையில் குட்டுவேன்.

ஜனவரி 26

இன்று அலமாரிப் பூட்டு திறக்கவில்லை. துரு. மகன் சாவியை முறுக்கு முறுக்கு என்று முறுக்கிவிட்டு ஆபீஸ் போய்விட்டான். நான் குளித்துவிட்டு வருவதற்குள் மருமகள் திறந்து வைத்திருந்தாள்.

“பாருங்க அத்தை! எது சிக்கினாலும் மெழுகுன்னு சொல்வீங்களே, சாவியில உங்க மெழுகைத் தேய்ச்சு விட்டேன். எண்ணெய் ஊத்தினா தூசி ஒட்டுமாம். இது பொட்டுன்னு திறந்துருச்சு.”

சாவியை என் கையில் வைத்தாள்.

பல்லுக்குப் பல்லு இடையில் மஞ்சளாக மெழுகு.

நோட்டை மூடுகிறேன்.

ஜனவரி 27

இது வேற. அது வேற.

சங்கிலி எங்கே போச்சு அப்போ? அதைச் சொல்லு யாராவது.

ஜனவரி 28

அந்த நாளுக்குப் பிறகு சாவியையும் மெழுகையும் நான் சேர்த்துக் கையில் எடுத்ததே இல்லை. எத்தனையோ பூட்டு சிக்கியது. எண்ணெய்தான் விடுவேன். கண்ட கண்ட இடத்தில் மெழுகு தேய்க்கிறவள், இது மட்டும் தோன்றவே இல்லையே. தோன்ற விடவில்லையா?

அம்மாவின் பெட்டிப் பூட்டும் துருப்பிடித்ததுதான். அம்மா மெழுகு தேய்க்காத சாமான் அந்த வீட்டில் ஒன்று சொல்லு பார்ப்போம். இஸ்திரிப் பெட்டி அடியில், கத்தரிக்கோலில், ஜன்னல் கொக்கியில், அண்ணன் செருப்பில்.

மாத்திரை மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 2

எழுத்து கோணலாக இருக்கும்.

இன்று காலை அம்மா கட்டியைக் காய்ச்சுவது என்று முடிவு செய்தேன். சாவி விஷயம் எப்படியோ போகட்டும், வாய் திறந்தால் ரத்தம் வருகிறது என்கிறார்கள். பாதியைக் கத்தியால் சீவி எடுக்கலாம் என்று பார்த்தேன். நடுவில் கத்தி இறங்கவில்லை. குளிரில் இறுகிவிட்டது என்று நினைத்து முழுக் கட்டியையும் கிண்ணத்தில் வைத்தேன். மிச்சத்தைத் திரும்ப ஊற்றி ஆறவைத்துக்கொள்ளலாம்.

முதலில் ஓரம் கரைந்தது. அம்மாவின் நூல் கோடுகள் ஒன்றொன்றாய்ப் போயின. அதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வீடு முழுக்கத் தேன் வாசம். கலக்கலாம் என்று கரண்டியை விட்டேன். அடியில் ஏதோ தட்டியது.

எடுத்தேன்.

அம்மாவின் சங்கிலி.

சுருட்டி, நூலால் இறுக்கிக் கட்டி, முடிச்சுப் போட்டு, அதன் மேல் மெழுகை ஊற்றியிருக்கிறாள். அண்ணன் ஊருக்குத் திரும்பி வந்தால் பெட்டியை உடைப்பான் என்று அவளுக்குத் தெரியும். அழுக்கு மெழுகுக் கட்டியை அவன் எதற்குத் தொடப்போகிறான். என் மருமகளே தூக்கிப் போடச் சொன்னாளே.

நூல் சிவப்பு.

யாரும் படிக்காத நோட்டுதான், இருந்தாலும் எழுதி வைக்கிறேன். எங்கள் வீட்டில் எல்லார் துணியும் ஒன்றாகத் துவைப்பார்கள். மாறிவிடாமல் இருக்க அம்மா உள்பக்கம் ஒரு தையல் போடுவாள். எனக்கு நீலம். அவளுக்குச் சிவப்பு. தலையணை உறை, துண்டு, பள்ளிக்கூடப் பை எல்லாவற்றிலும். நீலம் பெரியவள், சிவப்பு சின்னவள்.

எனக்குக் கல்யாணத்துக்கு வளையல் போட்டாள். சங்கிலி சின்னவளுக்கு.

முப்பத்தெட்டு வருஷமாக என் துணிப்பெட்டியில் வைத்திருந்தது யார்? நான். திருடி என்று யாரைச் சொன்னேன்?

பிப்ரவரி 3

அம்மா அன்று அவளைக் காட்டினாளே. கட்டியை என் கையில் வைத்து அவளைக் காட்டினாள். மறுபடியும் காட்டினாள். மறுபடியும்.

அவளிடம் கொடு என்றாள்.

நான் அவளை வெளியே போகச் சொன்னேன். அம்மா கண்ணில் தண்ணீர் வந்தது எதனால் என்று இப்போது தெரிகிறது. தெரிந்து என்ன.

பிப்ரவரி 4

மருமகளிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. சங்கிலியைக் கையில் வாங்கி நூல் முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குத்திக் காட்டுவாள் என்று பார்த்தேன். காட்டவில்லை.

“கிளம்புங்க அத்தை. நான் கூட வரேன்.”

“நாளைக்குப் போலாம்.”

“நாளைக்கு என்ன?”

“என்னன்னு போய்ச் சொல்லுவேன்? முதல்ல யோசிக்க வேணாமா?”

“நீங்க யோசிக்கிற வரைக்கும் அவங்க இருக்கணுமே அத்தை.”

இவளையும் பதினாறு வருஷமாக மனசில் வைத்துக்கொண்டே இருக்கிறேன், ஒரு மெழுகுக் கட்டியைத் தூக்கிப் போடச் சொன்னதற்காக. நல்லவேளை, போடவில்லை. போட்டிருந்தால்? தெரியாமலே செத்திருப்பேன். எனக்கு அது சுகமாக இருந்திருக்கும். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 5

போனேன்.

ஜன்னல் ஓரம் கட்டில். தலையில் முடி இல்லை. நான் அடையாளம் வைத்திருந்ததெல்லாம் அந்த இரட்டைச் சுழி முடியைத்தான். சின்னப் பிள்ளை மாதிரி சுருங்கியிருந்தாள். வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு போன பேச்சு ஒன்றும் வாயில் வரவில்லை. களிம்பு டப்பாவையும் சங்கிலியையும் அவள் போர்வை மேல் வைத்தேன்.

“அம்மா மெழுகுக்குள்ள இருந்துச்சுடி. உன் நூல் கட்டியிருக்கு.”

சங்கிலியை அவள் தொடவில்லை. நூலைத்தான் தொட்டாள்.

“கலர் போகவே இல்லையே.”

“மெழுகுக்குள்ள இருந்தா போகாது.”

“எங்க வெச்சிருந்த?”

“என் துணிப்பெட்டில. மேல் தட்டுல.”

“முப்பத்தெட்டு வருஷமா?”

“ம்.”

சிரித்துவிட்டாள். சிரித்ததும் உதடு வெடித்து ரத்தம் வந்தது. துடைத்துக்கொண்டே, “நல்லா பத்திரமாத்தான் வெச்சிருந்திருக்கக்கா” என்றாள்.

நான் அழுதேன். தப்பு என்மேலதான்டி, என்னை மன்னிச்சிரு என்று என்னென்னவோ உளறினேன். அவள் கையைத் தூக்கினாள், நிறுத்து என்கிற மாதிரி.

“என்கிட்ட ஏன் சொல்ற? நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியாதா? அன்னிக்கு எந்தெந்தப் படியேறி என்னைத் திருடின்னு சொன்னியோ, அந்தப் படியெல்லாம் ஏறிச் சொல்லு. உனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்குமே.”

“அவங்கள்ல பாதிப் பேரு இப்ப உயிரோடவே இல்ல.”

“பிள்ளைங்க இருப்பாங்கல்ல. அவங்க காதுல மட்டும் விழாமயா இருந்திருக்கும்?”

அப்புறம் கண்ணை மூடிக்கொண்டாள். “இப்ப அதைப் போட்டுவிடு. எரியுது.”

போட்டுவிட்டேன். நக்கவில்லை.

பிப்ரவரி 6

மாத்திரை போட்டேன்.

எல்லா இடமும் ஞாபகம் இருக்கிறது. எந்த வீட்டில் என்ன சொன்னேன் என்பதுகூட. பட்டறை முதலாளியம்மா. எதிர்வீட்டு டீச்சர். மாவு மில்காரர். தண்ணீர்க் குழாயடியில் நின்ற மூன்று பேர், பெயர் சொல்லாவிட்டாலும் வீடு தெரியும். பழைய வீட்டுச் சொந்தக்காரர். அத்தை முறையாகிற ஒருத்தி. தையல்காரர். அண்ணன் பெண்டாட்டி. பூட்டுக்கடைக்குப் பக்கத்துக் கடிகாரக்காரர்.

பதினொன்று. விரல் விட்டு இரண்டு முறை எண்ணினேன். பத்துக்குள் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

பிப்ரவரி 8

எதிர்வீட்டு டீச்சர் இப்போது மகள் வீட்டில் இருக்கிறாள். தொண்ணூறு வயசு. காதில் கத்திச் சொன்னேன். “எந்தச் சங்கிலி?” என்றாள். முழுக்கச் சொன்னேன். “அடியே, எனக்குக் காலையில என்ன தின்னேன்னே ஞாபகம் இல்ல. இதைச் சொல்லவா ரெண்டு பஸ் மாறி வந்த?”

தங்கச்சியிடம் அப்படியே நடித்துக் காட்டினேன். சிரித்தாள். உதடு பரவாயில்லை, வெடிக்கவில்லை.

பிப்ரவரி 9

கடிகாரக்காரர். அவருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. உட்காரச் சொல்லவில்லை. கண்ணில் மாட்டிய கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை.

“நீ இங்க நின்னு கத்திட்டுப் போன பிறகு ரெண்டு வருஷம் உன் தங்கச்சி புருஷன்கிட்ட யாரும் பூட்டைக் கொண்டாந்து குடுக்கல. அப்புறம் ஜனம் மறந்துருச்சு. அவன்தான் மறக்கல. அன்னிக்கு நிறுத்தினவன், சாகுற வரைக்கும் நகல் சாவி வெட்டவே இல்ல. ‘அந்த வேலை எனக்கு வேணாம்’பான். சாவிக்கடைக்காரன் சாவி வெட்டலேன்னா என்னம்மா பொழப்பு அது? பூட்டை ரிப்பேர் பண்ணியே காலத்தைத் தள்ளினான்.”

இதை எப்படி அவளிடம் சொல்வது? “அவரு என்ன சொன்னாரு?” என்று கேட்டாள். “சரின்னாரு” என்றேன்.

“பொய்” என்றாள்.

சொன்னேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். இன்று உதட்டுக்குப் போட விடவில்லை.

பிப்ரவரி 10

இன்றும் பேசவில்லை. டப்பாவை நீட்டினேன். அவளே விரலால் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

பிப்ரவரி 13

மில்காரர் பேரன், குழாயடி வீடுகள் மூன்று. ஒருத்தி “அப்பவே எனக்குத் தெரியும், உன் தங்கச்சி அப்படிப்பட்டவ இல்ல” என்றாள். அன்றைக்கு என்னைவிட அதிகமாகத் தூற்றினவள் இவள்தான். வார்த்தைக்கு வார்த்தை சொல்ல என்னால் முடியும். வாயைக் கட்டிக்கொண்டு வந்தேன்.

தங்கச்சியிடம் சொன்னதும், “நீ வாயக் கட்டிக்கிட்டியா? நீயா? ஏய், இங்க வாயேன், உங்க பெரியம்மாவுக்கு ஜுரமான்னு தொட்டுப் பாரு” என்று மகளைக் கூப்பிட்டாள்.

பேசிவிட்டாள்.

பிப்ரவரி 17

ஒன்பது முடிந்தது. இனி அண்ணன் பெண்டாட்டி, பட்டறை முதலாளியம்மா.

சாப்பாடு இறங்கவில்லை. கஞ்சித் தண்ணீர் இரண்டு ஸ்பூன். உதடு மட்டும் நன்றாக ஆறிவிட்டது. பழைய மாதிரி இருக்கிறது.

“எத்தனை பாக்கி?” என்றாள்.

“ரெண்டு.”

“சீக்கிரம்.”

பிப்ரவரி 19

அண்ணன் பெண்டாட்டியிடம் சொல்லியாச்சு. முழுக்கக் கேட்டுவிட்டு, “அந்தச் சங்கிலிக்காக உங்க அண்ணன் என்னை எவ்வளவு அடிச்சிருக்காரு தெரியுமா” என்றாள். அது எனக்குத் தெரியாது.

பத்து.

பட்டறை முதலாளியம்மா வேறு ஊருக்குக் குடிபோய்விட்டாளாம். விலாசம் விசாரித்து வைத்திருக்கிறேன். தங்கச்சி கண்ணைத் திறக்கவில்லை. “பத்துடி” என்று காதில் சொன்னேன். விரலை அசைத்தாள்.

பிப்ரவரி 20

காலை ஒன்பது பத்துக்குப் போய்விட்டாள்.

பிப்ரவரி 21

பிப்ரவரி 25

மாத்திரை போட்டேன். நாலு நாள் போடவில்லை என்று மருமகள் சண்டை போட்டாள்.

சங்கிலியை அவள் மகள் போட்டிருக்கிறாள். சிவப்பு நூலைக் கழற்றவில்லை. தங்கச்சி கழற்ற வேண்டாம் என்று சொன்னாளாம். களிம்பு டப்பாவைத் திருப்பிக் கொடுத்தாள். பாதி இருக்கிறது. நடுவில் ஒரு விரல் எடுத்த குழி. உள்ளே ரேகை கூடத் தெரிகிறது. மூடி வைத்துவிட்டேன். வெயில் படாத இடத்தில்.

மார்ச் 4

பதினொன்றாவது வீடு. பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். மருமகள் கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன்.

முதலாளியம்மா போன வருஷமே செத்துவிட்டாளாம். மகன் இருந்தார், தலை நரைத்துவிட்டது. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

“உங்க பட்டறையில என் பக்கத்து மெஷின்ல என் தங்கச்சி தைச்சா. அவ திருடிட்டான்னு உங்கம்மாகிட்ட நான் சொன்னேன். மறுநாளே அவளை வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. அவ திருடல. அது என்கிட்டதான் இருந்துச்சு.”

அவர் என்னைப் பார்த்தார். “அந்தம்மா இப்ப எப்படி இருக்காங்க?” என்றார்.

“உதடு நல்லா ஆறிடுச்சு” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. தண்ணீர் கொடுத்தது, நரைத்த தலை, அவர் கேட்டது எல்லாவற்றையும் வரிசையாக மனசில் அடுக்கிக்கொண்டே வந்தேன். அவள் ஒன்று விடாமல் கேட்பாள். நம் ஸ்டாப்புக்கு முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கி அவள் வீட்டுக்கு நடந்தேன். “பதினொண்ணுடி” என்று சொல்லிக்கொண்டே கேட்டைத் திறந்தேன். கதவில் பூட்டு தொங்கியது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது.

எனக்கு மறதியே கிடையாது என்று எல்லாரும் சொல்வார்கள். படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தேன்.

மாத்திரை போட்டேன்.